தமிழில் சொந்த வலைப்பூ: முதல் பதிவிலிருந்து பக்க வடிவமைப்பு வரை

சனிக்கிழமை மாலைகளில் புதிதாக வலைப்பூ தொடங்க நினைப்பவர்களோடு உட்கார்ந்து உதவி வருகிறேன். கல்லூரி மாணவர், இல்லத்தரசி, பணி ஓய்வு பெற்றவர் என்று பலரும் வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். முதல் நாளே தளத்தைத் திறந்து, தீம் (பக்கத்தின் ஆயத்த வடிவம்) தேடி, நிறம் மாற்றி, முகப்புப் படத்துக்கு மூன்று நாள் செலவழித்துவிடுகிறார்கள். எழுத உட்காரும்போது ஆர்வம் வடிந்துவிடுகிறது. "வணக்கம், இது என் முதல் பதிவு" என்ற நான்கு வரியோடு பல வலைப்பூக்கள் அப்படியே நிற்கின்றன.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள். தளத்தைத் திறப்பது ஐந்தாவது படியில்தான் வருகிறது.

தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு கணினி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போன் போதும், ஆனால் வடிவமைப்பு வேலைக்கு ஒரே ஒரு நாளாவது யாரிடமாவது கணினியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலைப்பூவுக்கென்று தனியாக ஒரு ஜிமெயில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கணக்கில் தொடங்கியவர்கள் வேலை மாறும்போது கணக்கோடு வலைப்பூவையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்த் தட்டச்சு கைக்கு வந்திருக்க வேண்டும். விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. ஆங்கில ஒலிப்பை வைத்து அடிக்கும் முறையில் பழகியவர்கள் அதிலேயே தொடரலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு தமிழ்99 முறையைத்தான் சொல்வேன். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் வருவதால் இரண்டு கையும் மாறி மாறி ஓடும், நீண்ட பதிவு அடித்தாலும் விரல் களைக்காது.

1. எதைப் பற்றி என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"என் எண்ணங்கள்", "என் பயணம்" என்பவை பொருள் ஆகாது. அதில் என்ன கிடைக்கும் என்று வாசிப்பவருக்குத் தெரியாது, அடுத்து என்ன எழுதுவது என்று உங்களுக்கும் தெரியாது.

எங்களிடம் வந்த ஒருவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை உதாரணமாக வைத்தே இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்கிறேன், அவரும் சம்மதித்திருக்கிறார். "வாழ்க்கை அனுபவங்கள் எழுதப் போறேன் தம்பி" என்றுதான் வந்தார். "எந்த அனுபவம் அண்ணே?" என்று கேட்டுக்கேட்டு, கடைசியில் ஒரு வரிக்கு வந்தோம்: மதுரையிலிருந்து தேனி வரை போகும் பஸ்ஸில் முப்பது வருடமாக நான் பார்த்த மனிதர்கள். இடம் இருக்கிறது, காலம் இருக்கிறது, யார் எழுதுகிறார் என்பதும் இருக்கிறது.

அந்த ஒரு வரிக்குக் கீழே பத்துத் தலைப்பு எழுதிப் பாருங்கள். பதினைந்து நிமிடத்தில் பத்து வந்துவிட்டால் பொருள் சரி. ஆறில் நின்றால் பொருள் மிகக் குறுகல். ஒன்றோடொன்று ஒட்டாத இருபது வந்தால் மிக அகலம். பொருளை மாற்றிக்கொண்டு மறுபடி எழுதுங்கள். இந்த இடத்தில் ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை. இதை அவசரமாக முடித்தவர்கள்தான் மூன்றாவது பதிவில் நின்றுபோகிறார்கள்.

2. திறப்பதற்கு முன்பே ஐந்து பதிவுகளை எழுதி முடியுங்கள்

ஐந்து என்பதற்குக் காரணம் உண்டு. முதல் இரண்டு, மனதில் நெடுநாளாக இருந்தவை, தானாக வந்துவிடும். மூன்றாவதில் திணறுவீர்கள். நான்காவதில் உங்களுக்கென்று ஒரு நடை தெரிய ஆரம்பிக்கும். ஐந்தாவதை எழுதி முடித்த பிறகு முதலாவதைப் படித்தால், அதை எப்படித் திருத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். வெளியிட்டுவிட்ட பிறகு அந்தத் திருத்தத்தைப் பலரும் செய்வதில்லை.

ஒரு பதிவு 500 முதல் 800 சொல் இருக்கட்டும். ஒரு பதிவில் ஒரு சம்பவம் அல்லது ஒரு கேள்வி மட்டும். கண்டக்டர் அண்ணன் தன் முதல் பதிவில் பதினோரு பயணிகளைக் கொண்டுவந்துவிட்டார். அவர்களைப் பிரித்தோம். பதினோரு பதிவுக்கான பொருள் கிடைத்தது.

3. முதல் பத்தியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள், பதிவு பிழைப்பதும் சாவதும் இங்கேதான். பள்ளிக்கூடக் கட்டுரைப் பழக்கம் நம் எல்லோருக்கும் கையில் ஒட்டியிருக்கிறது. முன்னுரை இல்லாமல் எழுதினால் குற்றம் செய்ததுபோல் இருக்கும். அண்ணனுடைய முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"பேருந்து என்பது மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகும். அன்றாடம் பல்லாயிரக்கணக்கானோர் பேருந்தில் பயணம் செய்கின்றனர். அவர்களுள் பலதரப்பட்ட மனிதர்கள் உண்டு."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் பஸ் ஏறாத ஒருவர்கூட இந்த மூன்று வரியையும் எழுதிவிட முடியும். முப்பது வருடம் டிக்கெட் பையைத் தோளில் மாட்டியவருக்கு மட்டும் தெரிந்தது எங்கே என்று தேடினோம். நான்காவது பத்தியில் கிடைத்தது:

"உசிலம்பட்டியில் ஏறிய பாட்டிக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டேன். கணவாய் ஏற்றத்தில் வண்டி முக்கிக்கொண்டு ஏறும்போதுதான் பாட்டி இடுப்பைத் தடவிப் பார்த்தார். சுருக்குப் பையைக் காணோம். எதிரே வந்த வண்டியின் டிரைவர், ஆண்டிப்பட்டியில் செக்கிங் நிற்கிறது என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்."

முன்னால் இருந்த மூன்று பத்தியையும் எடுத்துவிட்டு இதையே தொடக்கமாக வைத்தோம். ஒரு சொல்கூட அவர் புதிதாகச் சேர்க்கவில்லை. டிக்கெட் கொடுத்தாயிற்று, காசு வரவில்லை, முன்னால் செக்கிங். இனி யாரும் படிக்காமல் எழுந்து போக மாட்டார்கள்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். வரைவை அச்செடுத்தோ நோட்டில் எழுதியோ, முதல் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். எதுவும் குறையாவிட்டால் அந்தப் பத்தி வேண்டாம். பிறகு மூன்றாவதிலிருந்து படியுங்கள். ஒன்று விட்டுப்போகிறதே என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள்.

முடிவிலும் இதே நோய் உண்டு. "இதிலிருந்து நாம் அறிவது என்னவென்றால்" என்று வரும் கடைசிப் பத்தியைத் துணிந்து வெட்டுங்கள்.

4. வாய்விட்டுப் படித்து மொழியைச் சரிசெய்யுங்கள்

மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். மனிதர்கள் பேசுவதை அவர்கள் பேசியபடியே விடுங்கள். "என்னப்பா, காச காணமே" என்று பாட்டி சொன்னதை "மகனே, என் பணத்தைக் காணவில்லை" என்று மாற்றினால் பாட்டியே காணாமல் போய்விடுவார். நீங்கள் சொல்லும் பகுதி எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். சில வரி பேச்சிலும் சில வரி எழுத்திலுமாகக் கதை சொன்னால் படிப்பவர் தடுக்கி விழுவார்.

ஒற்றுப் பிழைக்கு எல்லா விதியும் மனப்பாடம் வேண்டாம். இவை இருந்தாலே பெரும்பாலான பிழைகள் ஒழியும். ஐ, கு என்று முடியும் வேற்றுமைச் சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: கதையைச் சொன்னேன், வீட்டுக்குப் போனேன். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி என்பவற்றுக்குப் பின்னும் மிகும்: அந்தப் பாட்டி. ஆனால் 'வந்த பாட்டி' என்பதில் மிகாது. 'எடுத்துச் சென்றார்' என்பதில் மிகும், 'வந்து சென்றார்' என்பதில் மிகாது. காதால் கேட்டாலே இந்த வித்தியாசம் பிடிபடும். இணையத்தில் வாணி என்ற எழுத்துப்பிழைத் திருத்தியும் நாவி என்ற சந்திப்பிழைத் திருத்தியும் இருக்கின்றன. அவை காட்டுவதை அப்படியே ஏற்காமல், ஏன் காட்டுகிறது என்று பார்த்துத் திருத்துங்கள்.

தட்டச்சில் மட்டும் நேரும் பிழை ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஔவையார் என்று எழுதும்போது பலர் 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். கணினிக்கு அது வேறு சொல், தேடலில் சரியாக அகப்படாது. கௌரி என்பதைக் 'கெ', 'ள', 'ரி' என்று அடிப்பதும் இதே பிழைதான். சந்தேகம் வந்தால் எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து ஒரு முறை அழித்துப் பாருங்கள். 'ஔ' முழுதாகப் போனால் சரி, 'ஒ' மட்டும் மிஞ்சினால் தப்பு.

பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை, இன்று எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் இல்லை. அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

5. இப்போது தளத்தைத் திறந்து பெயர் வையுங்கள்

முதல்முறை எழுதுபவர்களுக்கு கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரே போதும் என்பது என் கருத்து. காசு கிடையாது, வடிவமைப்பு நிரலைத் தொட்டு மாற்றலாம், பின்னால் சொந்த முகவரி வாங்கினால் அதற்கெனத் தனிக் கட்டணம் இல்லாமல் இணைக்கலாம். வேர்ட்பிரஸ் டாட் காம் தளத்தில் எழுதும் பெட்டி இன்னும் அழகாக இருக்கும், ஆனால் சொந்த முகவரியை இணைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். ஏற்கெனவே அது பழக்கம் என்றால் அதிலேயே போங்கள். இதை ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு மாலைக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

பெயர் தமிழில் இருக்கலாம். முகவரி ஆங்கில எழுத்தில்தான் இருக்கும் என்பதால், போனில் வாயால் சொன்னால் எதிரே இருப்பவர் தப்பில்லாமல் அடிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். ழகரம் உள்ள பெயர்களில் கவனம் தேவை. ஒருவர் இரண்டு ஆங்கில எழுத்தில் அடிப்பார், இன்னொருவர் ஒன்றில் அடிப்பார். முகவரியைப் பிறகு மாற்றலாம்தான், ஆனால் அதுவரை நீங்கள் அனுப்பிய சுட்டிகள் (லிங்க்) எல்லாம் செத்துப்போகும். இன்றைக்கே யோசித்து வையுங்கள்.

6. பக்கத்தைத் தமிழுக்கு ஏற்றபடி அமையுங்கள்

பெரும்பாலான தீம்கள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. தமிழ் எழுத்து அகலமானது. இகர ஈகாரச் சுழிகள் மேலே எழும்பும், உகர ஊகாரக் கால்கள் கீழே இறங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் எளிதில் புரியும்.

தீம்: படங்களை முன்னிறுத்தும் சோஹோ, எம்போரியோ வேண்டாம். எழுத்துதான் உங்கள் சரக்கு என்றால் நோட்டபிள் அல்லது பழைய சிம்பிள் தீமைத் தேர்ந்தெடுங்கள். பக்கப் பட்டையில் கடிகாரம், நாட்காட்டி, பார்வையாளர் எண்ணிக்கை என்று அடுக்காதீர்கள். போனில் அவை எல்லாம் பதிவுக்குக் கீழே ஒரு முழம் நீண்டு கிடக்கும்.

எழுத்துரு: கூகுள் எழுத்துருக்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் நீண்ட வாசிப்புக்குத் தாங்கும். பத்திரிகைச் சாயல் வேண்டுமானால் நோட்டோ செரிஃப் தமிழ். கவிவனார் போன்ற கையெழுத்துச் சாயல் உள்ளவற்றைத் தலைப்போடு நிறுத்துங்கள். உடல் பகுதிக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு எழுத்துருவும் போனில் தனியாக இறங்க வேண்டும், பக்கம் திறக்கத் தாமதமாகும்.

அளவு: 18 பிக்சலில் தொடங்குங்கள். வரி உயரம் எழுத்தின் அளவைப் போல 1.7 அல்லது 1.8 மடங்கு. ஆங்கிலத் தீம்களில் 1.4 என்று இருந்தால் மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ' மேல் முட்டும். அண்ணனுடைய பக்கத்தில் இந்த ஒன்றை மட்டும் மாற்றிக் காட்டினேன். "இப்பத்தான் கண்ணாடி போட்ட மாதிரி இருக்கு" என்றார். பிளாகரில் தீம், தனிப்பயனாக்கம், மேம்பட்டவை என்று போனால் நிரல் சேர்க்கும் பெட்டி இருக்கும், அங்கே இதை மாற்றலாம்.

அகலம்: கணினித் திரையில் ஒரு வரிக்கு எட்டிலிருந்து பத்துச் சொல் வரும்படி பத்தியின் அகலத்தைக் குறையுங்கள். அதைவிட நீண்டால் அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தவறவிடும்.

வரிசை: இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும் அமைப்பை அச்சுப் புத்தகம் பார்த்த பழக்கத்தில் எல்லோரும் போடுகிறார்கள். 'காத்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் போதும். போனில் அது அடுத்த வரிக்குத் தாவும், மேல்வரியில் மிஞ்சிய இரண்டு சொல்லும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும்.

அழுத்தம்: சாய்வெழுத்து தமிழுக்குப் பொருந்தாது. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு தனியாக வரையப்படவில்லை, உலாவி நேரான எழுத்தைத்தான் தள்ளிச் சாய்க்கிறது. தடித்த எழுத்தில் 'ணை', 'ஞ' போன்றவற்றின் உள்வெளி அடைந்துபோகும். அதனால் தலைப்புகளுக்கு மட்டும் தடிமன். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டும் அமைப்பையும் தொடாதீர்கள்.

நிறம்: வெளிர் பின்னணி, கருமைக்குப் பக்கமான எழுத்து. சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தோன்றும், வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நின்று படிப்பவருக்குத் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் தரத்தின் கணக்கு. இதை அளந்து சொல்லும் இலவசக் கருவிகள் உண்டு.

7. படங்களைச் சுருக்கிச் சேருங்கள்

போனில் எடுக்கும் படம் ஒன்று மூன்று, நான்கு எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் டேட்டா குறைவாக உள்ளவர் பக்கத்தை மூடிவிடுவார். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். ஸ்கூஷ் என்ற இணையக் கருவியில் இதைச் செய்துவிடலாம்.

வீட்டில் எடுத்த படம் என்றால் அதில் இடத் தகவல் பதிந்திருக்க வாய்ப்புண்டு, அதை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். மற்றவர் முகம் இருந்தால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். சம்பவங்களில் வரும் மனிதர்களுக்கும் இதே மரியாதை உண்டு. அண்ணன் யாருடைய பெயரையும் எழுதுவதில்லை, பாட்டி பாட்டியாகவே இருக்கிறார்.

கூகுள் தேடலில் எடுத்த படத்தைப் போடாதீர்கள், அது யாரோ ஒருவருடைய உழைப்பு. அண்ணன் தன் பழைய விசிலையும் டிக்கெட் பையையும் வீட்டுத் திண்ணையில் வைத்து எடுத்தார். அதைவிடப் பொருத்தமான படம் எந்தத் தளத்திலும் கிடைத்திருக்காது.

8. வெளியிடும் பொத்தானை அழுத்தும் முன்

வேர்டிலிருந்து எழுத்தைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள். சாதாரணமாக ஒட்டினால் வேர்டின் எழுத்துருவும் அளவும் மறைவாகக் கூடவே வரும். ஆறாவது படியில் செய்த வேலை அந்தப் பதிவில் மட்டும் எடுபடாது. காரணம் புரியாமல் தீமைத் திட்டிக்கொண்டு மாற்றியவர்கள் பலர்.

அடுத்தது பதிவின் சுட்டி. தமிழ்த் தலைப்பு வைத்தால் பிளாகர் அதை எடுத்துக்கொள்ளாமல் எல்லாப் பதிவுக்கும் 'பிளாக் போஸ்ட்' என்றே வைத்து, பின்னால் எண் போட்டுவிடும். வேர்ட்பிரஸில் நேர்மாறான தொல்லை. தமிழ்ச் சுட்டியை வாட்ஸாப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்தும் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாகச் சிதறலாம். 'அம்மா' என்ற ஒரு சொல்லே 45 குறிகளாக நீளும். அதைப் பார்க்கும் பெரியவர்கள் வைரஸ் என்று பயந்து தொடவே மாட்டார்கள். அதனால் இரண்டிலும் சுட்டியை நீங்களே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக வையுங்கள். பிளாகரில் வெளியிட்ட பிறகு சுட்டியை மாற்ற வேண்டுமானால் பதிவை மறுபடி வரைவாக்க வேண்டியிருக்கும், ஆகவே முன்பே செய்துவிடுங்கள்.

பிளாகரின் அமைப்புகளில் தேடல் விளக்கத்தை இயக்கிவிட்டால் ஒவ்வொரு பதிவிலும் அதற்கான பெட்டி வரும். அதில் பதிவைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். தலைப்பில் புதிர் போட வேண்டாம். "நீங்கள் நம்பவே மாட்டீர்கள்" என்பதைவிட "உசிலம்பட்டிப் பாட்டியின் சுருக்குப் பை" மேல்.

கடைசியாக, முன்னோட்டத்தை உங்கள் போனிலும் வேறொருவருடைய பழைய போனிலும் திறந்து பாருங்கள். தலைப்பு மூன்று வரிக்கு மேல் மடிந்தால் சுருக்குங்கள்.

9. முதல் மூன்று மாதம்

ஐந்தையும் ஒரே நாளில் வெளியிடாதீர்கள். முதல் நாள் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. கையில் எப்போதும் இரண்டு பதிவு மிச்சம் இருக்கும்படி எழுதிக்கொண்டே வந்தால், காய்ச்சலில் படுத்தாலும் வீட்டில் கல்யாணம் வந்தாலும் வரிசை அறாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். தினமும் பார்த்தவர்கள் எழுதுவதை விட்டதைக் கண்டிருக்கிறேன், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

சுட்டியை எல்லா வாட்ஸாப் குழுவிலும் போடாமல், அந்தப் பதிவு யாருக்குப் பிடிக்கும் என்று தெரிந்த ஐந்து பேருக்குத் தனியாக அனுப்புங்கள். எங்கே அலுத்தது என்று கேளுங்கள். "நல்லா இருக்கு" என்ற பதிலை வைத்து எதையும் திருத்த முடியாது.

மாதக் கடைசியில் அமைப்புகளுக்குப் போய் வலைப்பூவின் காப்புப் பிரதியை இறக்கி வையுங்கள். பிளாகரின் பிரதியில் எழுத்து இருக்கும், படங்கள் இருக்காது, அவற்றின் சுட்டிகள் மட்டுமே இருக்கும். அதனால் படங்களைத் தனி ஃபோல்டரில் பதிவின் தேதியோடு சேமியுங்கள். அண்ணன் இதற்காக ஒரு பென்டிரைவ் வாங்கி, பழைய டிக்கெட் பைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறார்.